நாற்பது பாட்டிலும் ஒரு கம்பமும்

குவிரின் ஹேரிங்கர் எதையும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. மாவட்டத் தலைநகரில், வண்டிகளைச் சோதித்து ஒட்டுவில்லை கொடுக்கும் நிலையத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. எங்கள் நீடர்லோ கிராமத்திலிருந்து அங்கே போன எந்தக் காரும் முதல் நாளே ஒட்டுவில்லையோடு திரும்பியது கிடையாது. ஒரு தாளோடுதான் திரும்பும். பின் விளக்கில் கீறல், டயரில் அரை மில்லிமீட்டர் தேய்மானம், ஹாரனில் கரகரப்பு. தாளின் அடியில் அவர் கைப்பட எழுதிய அதே வரி: "சரிசெய்துவிட்டு மறுபடி வரவும்." அவருடைய சொந்தக் காரைக்கூட இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"என்னைப் பொண்ணு கேக்கவே மூணு தடவை வந்தாரு," என்பாள் அவர் மனைவி அஃப்ரா. "முதல் ரெண்டு தடவையும் காபி குடிச்சுட்டு, சுத்திமுத்திப் பாத்துட்டுப் போயிட்டாரு."

இப்படிப்பட்டவர் ஆறு வருடமாக வீட்டில் கோதுமை பீர் காய்ச்சுகிறார் என்றால், எப்படிக் காய்ச்சுவார் என்று சொல்லத் தேவையில்லை. துணி துவைக்கிற அறையில் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தையும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவையும் போட்டுக் காய்ச்சி, அந்தச் சாற்றை நிலவறையில் வெள்ளைப் பீப்பாயில் ஊற்றி, ஈஸ்டைப் போட்டு மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு நிமிடம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, பீப்பாய்க் குழாயிலிருந்து கொஞ்சம் பிடித்து அதில் ஒரு கண்ணாடி மிதவையை விடுவார். வேலை நாட்களில் அஃப்ரா விட்டுப் பார்த்துப் போனில் எண்ணைச் சொல்ல வேண்டும். சாற்றில் இனிப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மிதவை காட்டும். அந்த எண் பன்னிரண்டரையில் தொடங்கும், மூன்றில் நிற்கும். மூன்று நாள் தொடர்ந்து அதே எண் வந்தால்தான் பாட்டிலில் அடைப்பார். இரண்டு நாள் ஒரே எண் வந்தால் அது அவருக்குத் தற்செயல்.

பீர் நன்றாகவே இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசனை வரும். ஆனால் ஒரு கோப்பை கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பீரின் முழு மருத்துவ அறிக்கையையும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதற்குள் நுரை அடங்கிவிடும்.

நான் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் அது. ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தேன். வந்தவளைச் சும்மா உட்கார விடுவார்களா? மே கம்பத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மே ஒன்றாம் தேதி ஊர் நடுவில் கம்பம் நட வேண்டும். இருபத்தெட்டு மீட்டர் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பட்டை உரித்து, வெள்ளையும் நீலமுமாகச் சுற்றி வண்ணம் அடித்தது. நடும்வரை அதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் திருடலாம். அதில் குற்றம் கிடையாது, ஒழுங்குதான் உண்டு. ஊர் எல்லைப் பலகையைத் தாண்டுவதற்குள் சொந்த ஊர்க்காரன் ஒருவன் கம்பத்தின் மேல் கை வைத்து "இது எங்களுது" என்று சொல்லிவிட்டால் திருடர்கள் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் விருந்து வைத்து மீட்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு வரை காவல் குவிரினுக்கும் எனக்கும். கம்பம், விழாக் குழுத் தலைவர் ரூபர்ட்டின் கொட்டகை முன் கிடந்தது. எனக்குப் பசித்தது.

"போயிட்டு வா," என்றார் குவிரின். "எனக்கும் ஒரு பிரெட்சல் ரொட்டி. உப்பு கம்மியா இருக்கறதா பாத்து வாங்கு."

பதினொன்று ஐம்பதுக்கு நான் போனேன். பதினொன்று ஐம்பத்தேழுக்கு அவர் போனார். வியாழக்கிழமை ஈஸ்ட் போட்ட பீர், நாலு வீடு தள்ளி அவர் வீட்டு நிலவறையில் இருந்தது. பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி. நான் எப்படியும் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தாராம். பேக்கரியில் எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றதை அவருடைய கணக்கு எதிர்பார்க்கவில்லை.

நான் திரும்பியபோது கொட்டகை முன் இரண்டு மரக்கட்டைகள் மட்டும் கிடந்தன. தெருக்கோடியில் ஒரு டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நீளமாக எங்கள் கம்பம், நுனியில் சிவப்புத் துணி கட்டி, இரண்டு பக்கமும் அடுத்த ஊரான ஓபர்லோவின் ஆட்கள் இருபது பேர். நிலவறையிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வெளியே வந்த குவிரின் அதைப் பார்த்துவிட்டு ஓடினார். ஐம்பத்து மூன்று வயதுக்கு நல்ல ஓட்டம். எல்லைப் பலகைக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போதே பிடித்துவிட்டார். கம்பம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டினார். நீட்டிய கையை டிராக்டரின் பின் விளக்கில் வைத்தார்.

"காஸ்பர்! இந்த வண்டிக்கு ஒட்டுவில்லை இல்ல! விளக்கு இன்னும் மாத்தலையா நீ?"

ஓட்டிக்கொண்டிருந்த காஸ்பர் திரும்பிப் பார்த்தான். ஓபர்லோவின் பால் பண்ணைக்காரன். ஒவ்வொரு சோதனையிலும் அதே டிராக்டரோடு குவிரினிடம் மாட்டுகிறவன்.

"ஒரு மாசம் அவகாசம்னு நீதானேய்யா எழுதிக் குடுத்த? இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டலாம்."

குவிரின் யோசித்தார். "ஆமா," என்றார். "அது சரிதான்."

கம்பம் எல்லைப் பலகையைத் தாண்டியது.

அன்று மாலை ஓபர்லோவிலிருந்து கடிதம் வந்தது. வழக்கமாக நூறு லிட்டர் பீர், சாசேஜ், முள்ளங்கி என்று கேட்பார்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுத்துவிடலாம். இந்த முறை அப்படி இல்லை. விருந்து தனி. அதோடு குவிரின் ஹேரிங்கர் தன் கையால் காய்ச்சிய கோதுமை பீர் நாற்பது பாட்டில், ஒவ்வொன்றிலும் நுரை ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். சோதிப்பவர் காஸ்பர். இரண்டு வாரத்தில், இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை. தவறினால் எங்கள் கம்பம் மே ஒன்றாம் தேதி ஓபர்லோ நடுவில் நிற்கும், நீடர்லோ என்ற பலகை அதில் தலைகீழாகத் தொங்கும். பிறகு ஒரு வருடம் நாங்கள் பால் வாங்கக்கூட அந்தப் பக்கம் போக முடியாது.

குவிரின் கலங்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். "சுங்க ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதணும். வரி இல்லாம வீட்டுல காய்ச்சறது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். மீட்பு விருந்து சொந்த உபயோகமான்னு கேட்டுக்கறது நல்லது."

"எழுது," என்றாள் அஃப்ரா. "எழுதினா அடுத்த கம்பத்துல உன்னத் தலைகீழாத் தொங்கவிடறேன்."

அவர் கலங்காததற்குக் காரணம் இருந்தது. கோதுமை பீருக்கு நுரை பாட்டிலுக்குள்தான் பிறக்க வேண்டும். அதற்கு அடைக்கும்போது ஈஸ்டுக்குத் தின்னக் கொஞ்சம் இனிப்பு வேண்டும். குவிரின் காய்ச்சிய அன்றே, ஈஸ்ட் போடுவதற்கு முன்னால், இரண்டு லிட்டர் சாற்றை எடுத்து, டப்பா மேல் எத்தனையாவது பீர் என்று எண் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுவார். பீர் முழுதாகப் புளித்து, மிதவை மூன்றில் மூன்று நாள் நின்ற பிறகு, அந்தச் சாற்றை அளந்து சேர்த்து அடைப்பார். அவசரம் இல்லாத, தப்பு நடக்காத முறை. அவருக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போன்ற முறை.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் பன்றி வறுவல், உருளைக்கிழங்கு உருண்டை. கம்பம் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குவிரின் மூன்றாவது உருண்டையைக் குழம்பில் புரட்டினார்.

"இன்னைக்குக் குழம்பு அருமையா இருக்கே, அஃப்ரா. லேசா கசப்பு, லேசா இனிப்பு. என்ன போட்ட?"

"உறைபெட்டியில சூப் இருந்துச்சே, ரெண்டு டப்பா. அதத்தான் ஊத்துனேன். எடமும் காலியாச்சு."

குவிரினின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"எந்த டப்பா?"

"மேல நம்பர் எழுதியிருந்தியே, முப்பத்தொண்ணோ என்னமோ. முப்பத்தொண்ணுன்னு எழுதினா நான் என்னன்னு நெனைக்கிறது? மனுஷன் மாதிரி 'பீர், தொடாதே'ன்னு எழுத வேண்டியதுதானே?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு மீதிக் குழம்பையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டார். வீணாக்குவதில் அர்த்தம் இல்லை என்றார்.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரூபர்ட் வந்தார், குழுவில் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். எல்லாரும் நிலவறையில் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள்.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ கவலை?" என்றார் ரூபர்ட். "பாட்டிலுக்கு ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை போடு. உலகம் பூரா அப்படித்தான் பண்றான்."

"சர்க்கரையா?" குவிரின் குரல் தாழ்ந்தது. "மால்ட், ஹாப்ஸ், தண்ணி, ஈஸ்ட். ஐந்நூறு வருஷமா பீர்ச் சட்டம் சொல்றது இது நாலுதான்."

"அந்தச் சட்டம் கம்பெனிக்காரனுக்குய்யா. உன் துணி துவைக்கிற ரூமுக்கு இல்ல. நாப்பது கரண்டி சர்க்கரை, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப மறுபடி மால்ட் வாங்கிக் கொஞ்சம் காய்ச்சு."

"அந்த மூட்டை தீந்துபோச்சு. வேற மூட்டையில காய்ச்சிக் கலந்தா அது வேற பீர். ரெண்டு பீரைக் கலந்து ஒரு பேர் சொல்றது மோசடி."

ஊரின் மானம் ஒரு பக்கம், நாற்பது கரண்டி சர்க்கரை ஒரு பக்கம். எங்கள் ஊரில் சலவைத்தூளைச் சாயம் போகாத துணிக்கும் போகிற துணிக்கும் ஒன்றாகப் போடுவார்கள், வரி அறிக்கையில் நாயைக் காவலாளி என்று எழுதுவார்கள். ஆனால் அந்த நான்கு பொருள் பேச்சு வந்ததும் நாலு பேரில் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். சர்க்கரை தோற்றது.

மீதி இருந்தது ஒரே வழி. பீர் முழுதாகப் புளிப்பதற்கு முன்னால், இனிப்பு சரியான அளவு மிச்சம் இருக்கும்போதே அடைத்துவிடுவது. குவிரின் கணக்குப் போட்டார். மிதவை நான்கு புள்ளி நான்கில் நிற்கும்போது அடைக்க வேண்டும். ஐந்தரையில் அடைத்தால் பாட்டில்கள் வெடிக்கும். மூன்றில் அடைத்தால் நுரையே வராது. ஈஸ்ட் வேகமெடுத்தால் ஒரு மதியத்துக்குள் அந்த எண்ணைக் கடந்து போய்விடும். நாளைக்கு இன்னொரு முறை பார்க்கலாம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ரூபர்ட் அன்றே காவல் பட்டியல் போட்டார். ஒரு கம்பத்தைப் பாதுகாக்கத் தெரியாத ஊர், ஒரு பீப்பாய்க்கு இரண்டு இரண்டு பேராகக் காவல் வைத்தது. நிலவறைக் கதவில் தாள் ஒட்டினார்கள். அந்தப் பட்டியலில் ஒருவர்கூட தாமதமாக வரவில்லை. கொஞ்சம் முன்னதாகவே வந்தார்கள். காரணம் திங்கள் மதியம்தான் புரிந்தது. அளந்த பீரைத் திருப்பிப் பீப்பாயில் ஊற்றக் கூடாது, அசுத்தமாகிவிடும் என்று குவிரின் சொல்லியிருந்தார். அதனால் அளந்ததைக் குடித்தார்கள். கால் மணிக்கு ஒரு முறை அளந்தார்கள். சந்தேகம் வந்தால் உடனே மறுபடி அளந்தார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சந்தேகம் வந்தது.

வேலையிலிருந்து வந்த குவிரின் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார்.

"இருபத்து மூணு லிட்டர் இருந்துச்சு. நாப்பது பாட்டிலுக்கு இருபது வேணும். இருபத்தொண்ணுதான் இருக்கு!"

"ஆவியாயிருக்கும்," என்றான் காவலில் இருந்தவன், மீசையைத் துடைத்துக்கொண்டு.

அதன் பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறைதான் அளக்கலாம், அளப்பது அஃப்ரா மட்டும் என்று ஆயிற்று. காவல் பட்டியலில் பாதிப் பேர் அன்று மாலையே பெயரை அடித்துவிட்டார்கள்.

செவ்வாய் காலை எட்டுக்கு ஐந்து புள்ளி எட்டு. பத்துக்கு ஐந்து புள்ளி ஒன்று. அஃப்ரா நிலையத்துக்குப் போன் செய்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, ஒரு வண்டியைச் சோதனை மேடையில் அப்படியே விட்டுவிட்டு குவிரின் கிளம்பினார். பன்னிரண்டு மணிக்கு நிலவறையில் இருந்தார். அஃப்ரா, ரூபர்ட், நான், கழுவிக் கவிழ்த்த நாற்பது பாட்டில்கள், எல்லாரும் காத்திருந்தோம்.

குழாயைத் திறந்தார். மிதவையை விட்டார். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். நான்கு புள்ளி நான்கு. மிதவையைத் துடைத்து மறுபடி விட்டார். நான்கு புள்ளி நான்கு.

குவிரின் நோட்டில் எழுதினார். பேனாவை மூடினார். திறந்தார்.

"சாயங்காலம் ஒரு தடவை பாத்துட்டு..."

"என்னத்தப் பாத்துட்டு?" என்றாள் அஃப்ரா.

"உறுதிப்படுத்திக்கலாம்னு. ஒரே நாள்ல, ஒரே எண்ண வச்சு..."

"சாயங்காலம் அது மூணுல நிக்கும். நீயும் நின்னு பாத்துக்கிட்டு இரு. பீரப் பாத்து 'சரி பண்ணிட்டு மறுபடி வா'ன்னு சொல்லு. அது வருமா?"

குவிரின் கவிழ்த்து வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவரை அதற்கு முன் அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"முதல் தடவையே சரின்னு சொல்லிட்டா," என்றார், பீப்பாயைப் பார்த்துக்கொண்டு, "அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா, அது என் மேல. மறுபடி வரச் சொன்னா எதுவும் என் மேல இல்ல."

"ஆகட்டுமே," என்றாள் அஃப்ரா. குரல் தணிந்திருந்தது. "ஒரு தடவ உன் மேலதான் ஆகட்டுமே. கம்பம் போனதும் உன் மேலதான். செத்தா போயிட்ட?"

மேலே தேவாலய மணி கால் மணி அடித்தது. குவிரின் எழுந்தார். நோட்டில் அன்றைய வரிக்கு நேரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "சரி."

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். அவர் குழாயைப் பிடிக்க, ரூபர்ட் பாட்டிலை நீட்ட, நான் பீங்கான் மூடிகளில் ரப்பர் வாஷர் மாட்ட, அஃப்ரா கம்பியை அழுத்திப் பூட்ட, ஐம்பது நிமிடத்தில் நாற்பது பாட்டிலும் முடிந்தன. புது வாஷர் இருபதுதான் இருந்தது. மீதிக்குப் பழைய டப்பாவிலிருந்து எடுத்தேன். அவசரத்தில் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்க்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த பதினோரு நாளும் பெட்டிகளின் மேல் ஈரப் போர்வை கிடந்தது. குவிரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் நிலவறைக்குள் இறங்கினார். எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காததும் அவரைத் தூங்கவிடவில்லை. நுரையே இல்லையோ என்று அஃப்ராவை எழுப்பி எழுப்பிக் கேட்டாராம். ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திறந்தால் முப்பத்தொன்பதுதான் இருக்கும்.

இருபத்தாறாம் தேதி ஓபர்லோவில் காஸ்பரின் கொட்டகையில் நீள மேசைகள் போட்டிருந்தன. எங்கள் கம்பம் ஓரமாக, மாலை போட்டு, விருந்தாளி மாதிரிக் கிடந்தது. காஸ்பர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டி, கையில் அட்டையும் தாளும் வைத்திருந்தான். தாளில் நாற்பது கட்டங்கள். அவன் அந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தான் என்பது அவன் பேனா பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

முதல் பாட்டில். கம்பியைத் தள்ளியதும் "டப்" என்று ஒரு சத்தம். எங்கள் மேசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். உயரக் கோப்பையில் நுரை ஏறி நின்றது. காஸ்பர் தன் சுட்டு விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு விரலும் கொஞ்சமும். சர்க்கரை போட்டிருக்கியா?"

குவிரின் எழுந்து நின்றுவிட்டார். ரூபர்ட் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

டப். டப். டப். ஒவ்வொரு பாட்டிலும் கட்டத்தில் குறி வாங்கி மேசைக்குப் போனது. இருபதாவதில் ஓபர்லோக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். முப்பதாவதில் எங்களவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முப்பத்தொன்பது. காஸ்பருக்கே முகம் தளர்ந்து, சிரிப்பு வந்துவிட்டது. நாற்பதாவது பாட்டிலின் கம்பியைத் தள்ளினான்.

சத்தம் இல்லை. ஊற்றினான். மஞ்சளாக, அமைதியாக, ஆப்பிள் சாறு போல இறங்கியது. நுரை என்று ஒரு குமிழிகூட இல்லை.

காஸ்பர் கண்ணாடியைச் சரிசெய்தான். இருபத்திரண்டு வருடத்துச் சொற்களை நிதானமாகச் சொன்னான்.

"பாஸ் இல்ல. சரி பண்ணிட்டு மறுபடி வாங்க."

கொட்டகை அதிர்ந்தது. ஓபர்லோ மேசைகளைத் தட்டியது.

"டேய், ஒரே ஒரு பாட்டில்!" என்று ரூபர்ட் கத்தினார். "முப்பத்தொம்பதையும் குடிச்சுட்டு..."

"நாப்பதுன்னா நாப்பது. யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு நெனைக்கிற?"

குவிரின் எழுந்து போய் அந்தப் பாட்டிலை வாங்கினார். வாஷரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, வளைத்தார். நான் முள்ளங்கித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் சொல்றது சரி," என்றார்.

எங்கள் மேசையில் ஒரு கோப்பை கவிழ்ந்தது.

"ரப்பர் வெடிச்சிருக்கு. காத்து போயிடுச்சு. குறை குறைதான். நல்லாப் பாத்திருக்க, காஸ்பர்."

காஸ்பர் எதிர்பார்த்தது சண்டை. சோதிக்கிறவன் சொல்வதைச் சரி என்று ஒப்புக்கொண்ட மனிதனை அவனும் பார்த்ததில்லை, குவிரினும் பார்த்ததில்லை. அஃப்ரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"தாளக் குடு," என்றார் குவிரின். வாங்கி, நாற்பதாவது கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: வாஷர் பழுது. தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். "சரி. ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டுவந்து காட்றேன். கம்பத்த எடுத்துக்கறோம்."

"எப்படி எடுப்ப? பாஸ் ஆகலையே!"

"குறை இருக்கற வண்டிய ஒரு மாசம் ஓட்டலாம் இல்லையா? ஓட்டிட்டுப் போனியே, எங்க கம்பத்தப் பின்னாடி கட்டிக்கிட்டு."

காஸ்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். ஓபர்லோக்காரர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். விதி என்று ஒன்று இருக்கிறதே, எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசுவதில்லை.

"ஆமா," என்றான் கடைசியில். "அது சரிதான்."

கம்பம் மே ஒன்றாம் தேதி எங்கள் ஊர் நடுவில் நின்றது. நாற்பதாவது பாட்டிலுக்காகக் குவிரின் புதிதாகக் காய்ச்சினார். இந்த முறை மூன்று நாள் ஒரே எண், அளந்த சாறு, புது வாஷர். உறைபெட்டியில் "பீர், தொடாதே" என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. ஒரு மாதக் கெடு முடியும் நாள் மாலை ஆறு மணிக்கு ஓபர்லோவுக்குக் கொண்டுபோனார். காஸ்பர் ஊற்றினான், விரலை வைத்தான், குறி போட்டான். இரண்டு பேரும் பாதிப் பாதி குடித்தார்கள்.

அதற்கு நாலு வாரம் முன்னால், டிராக்டரின் கெடு முடியும் நாளன்று, காஸ்பர் புது விளக்கோடு நிலையத்துக்கு வந்திருந்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் அஃப்ரா கேட்டாளாம்:

"கம்பத்தக் குடுத்தானே, பாஸ் பண்ணிட்டியா?"

"விளக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் குவிரின், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு. "வைப்பர்ல ரப்பர் வெடிச்சிருக்கு. மறுபடி வரச் சொல்லியிருக்கேன்."